கேட்காமல் கொடுத்த காணி

என் காக்கா, அதாவது மூத்த அண்ணன் உதுமாலெப்பை, மாவடிப்பள்ளிக்கு அப்பால் உள்ள வயல்களுக்கு வட்டவிதானையாக இருந்தவர். வாய்க்கால் தண்ணீரை யாருக்கு எப்போது விடுவது என்று பார்க்கிற வேலை அது. கமக்காரர்கள் கூடி ஒருவரைத் தெரிவு செய்வார்கள், அடுத்த போகமே அவரைத் திட்டித் தீர்ப்பார்கள். காக்காவை மட்டும் ஏனோ திரும்பத் திரும்பத் தெரிவு செய்தார்கள். சாய்ந்தமருதில் யாரைக் கேட்டாலும் அவரைப் பற்றி நல்லதாகவே சொல்வார்கள். நான் கூடப்பிறந்தவள், முழுவதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் வருவதற்கு முன் அந்த வயல்வெளியில் தண்ணீர்ச் சண்டை ஓய்ந்ததே இல்லை. மேல்மடைக்காரர்கள் மதகைத் திறந்து தங்கள் வயலை நிரப்பிக்கொள்வார்கள், கீழ்மடையில் பயிர் காயும். முன்பிருந்தவர்கள் பூட்டுப் போட்டார்கள், பூட்டை உடைத்தார்கள். காவல் போட்டார்கள், காவல்காரனுக்கே மேல்மடையில்தான் காணி. காக்கா வந்து, மேல் மதகின் சாவியை நாவிதன்வெளியிலிருந்து வந்து கீழ்மடையில் வேளாண்மை செய்கிற தம்பிராசாவிடம் கொடுத்தார். கீழ் மதகின் சாவியை மேல்மடைக்காரர் ஒருவரிடம் கொடுத்தார். இனி ஒருவரை ஒருவர் கூப்பிடாமல் யாருக்கும் தண்ணீர் இல்லை. முதல் போகம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள். அடுத்த போகம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கூப்பிட்டார்கள்.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. சொந்தக்காரருக்குக் கடைசியில்தான் தண்ணீர். "நம்மட ஆக்கள் பொறுப்பாங்க றஹீமா, ஊரான் பொறுக்க மாட்டான்" என்பார். மேல்மடையில் அவருடைய வயலை ஒட்டித்தான் தம்பி ஆதம்பாவாவின் வயல். வாப்பா விட்டுப்போன ஒரே காணி, நடுவில் ஒரு வரம்பு மட்டும். ஆதம்பாவா ஒவ்வொரு போகமும் பொறுத்தான்.

உம்மாவின் வீடு எங்கள் வழக்கப்படி மகளான எனக்கு வந்தது. அவர்கள் இருவரும் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விட்டாலும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்து சகன் என்கிற ஒரே பெரிய தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். காக்கா மீன் தலையை எடுத்துத் தம்பியின் பக்கம் தள்ளுவார். வேண்டுமா என்று கேட்டதே இல்லை. அவனுக்கும் அது பிடிக்கும்.

பிறகு அந்த வறட்சி வந்தது. குளத்தில் இருந்த தண்ணீர் பாதி வயலுக்குத்தான் காணும். எல்லோரும் விதைத்தால் எல்லோருடையதும் கருகும். காக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். மேல்மடையில் மட்டும் விதைப்பது, அந்தக் காணியை ஒரு போகத்துக்கு மட்டும் கீழ்மடைக்காரர்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பது. சொல்ல இலகுவாகத்தான் இருக்கிறது. தன் காணியில் இன்னொருவன் விதைக்க யார் விடுவான்? காக்கா மேல்மடைக்காரர்களின் வீடு வீடாகப் போனார். திட்டியவர் வீட்டுக்கு மறுநாளும் போனார். கட்டளை போடாமல், கெஞ்சாமல், "தருவீங்களா?" என்று கேட்டார். கேட்டுக் கேட்டே எல்லோரையும் இணங்க வைத்தார்.

ஆரம்பக் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து, "முதலாவதா என்ட காணியும் என்ட தம்பிட காணியும்" என்றார். எல்லோரும் கை தட்டிப் பின்வரிசையில் இருந்த ஆதம்பாவாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் சிரித்தானாம். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தான்.

"ராத்தா, ஊரில எல்லார்ட ஊட்டுக்கும் போய்க் கேட்டிரிக்காரு. என்னட்ட மட்டும் கேக்கல்ல. கேட்டா நான் குடுக்க மாட்டனா?"

"நீ வேற ஆளில்ல எண்டுதான்டா கேக்கல்ல."

"வேற ஆளா இருந்திருந்தா கேட்டிருப்பாரு" என்றான்.

காணியைக் கொடுத்தான். அதில் தம்பிராசா விதைத்தார், நன்றாக விளைந்தது. அந்த வருஷம் எங்கள் வயல்வெளியில் ஒரு வீடும் பட்டினி கிடக்கவில்லை. காக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆதம்பாவா காக்காவோடு கதைப்பதை மட்டும் விட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை காக்கா வருவார், சனிக்கிழமை தம்பி வருவான், நான் ஒரே கறியை இரண்டு தரம் சூடாக்கினேன். பெருநாள்கள் கூட அப்படியே போயின.

ஊருக்கெல்லாம் வழி கண்டுபிடித்த மனிதருக்கு இதற்கு மட்டும் வழி தெரியவில்லை. தன் பழைய வித்தையையே காட்டினார். மேல் மதகின் சாவியைத் தம்பிராசாவிடமிருந்து வாங்கி, அவர் கையாலேயே ஆதம்பாவாவுக்கு அனுப்பினார். தண்ணீர் வேண்டுமென்றால் இருவரும் கதைத்துத்தானே ஆக வேண்டும்? சாவி அன்றைக்கே திரும்பி வந்தது. "சாவி எனக்கு வேணாம். கேக்கத் தெரிஞ்ச வாய்தானே, வந்து கேக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை சாப்பிட வந்த காக்காவை நான் பிடித்துக்கொண்டேன். "ஒரு வார்த்தை போய்க் கதைச்சா என்ன குறைஞ்சிருவீங்க?"

"அவனிட்ட என்னத்தக் கேக்கிற? அவன் வேற, நான் வேறயா?"

"அதயாவது போய்ச் சொல்லுங்களன்!" என்று கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார். மீன் தலை சகனின் மறுபக்கத்தில் அப்படியே கிடந்தது.

போன வருஷம் காக்காவுக்கு உம்றா போக வாய்த்தது. மக்கத்துக்குப் போகிறவர் புறப்படுமுன் தெரிந்தவர் வீடெல்லாம் ஏறி, "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதப் பொறுத்துக்கொள்ளுங்க" என்று கேட்பது எங்கள் வழக்கம். காக்கா ஒவ்வொரு தெருவாகப் போனார். நாவிதன்வெளிக்கும் போய்த் தம்பிராசா வீட்டில் கேட்டார். ஊரில் இது தெரிந்ததிலிருந்து ஆதம்பாவா பின்னேரங்களில் எங்கும் போகவில்லை. வாசலில் இரண்டு கதிரை போட்டு வைத்தான். அவனுடைய மனைவி சித்தி லைலா வட்டிலப்பம் அவித்தாள், பிள்ளைகள் தின்று முடித்தார்கள், மறுபடியும் அவித்தாள்.

"ராத்தா, காக்கா எப்ப வருவாராம்?" என்று எனக்குப் போன் எடுத்துக் கேட்பான். "வந்தா நான் பழைய கதை ஒண்டும் எடுக்க மாட்டன். கட்டிப்பிடிப்பன், அவ்வளவுதான்."

நான் காக்காவிடம் ஓடினேன். "முதல்ல தம்பிட்டப் போங்க. மற்ற ஊடுகளுக்கு மறுகா போகலாம்."

"ஊர முடிச்சிட்டுப் போறன் புள்ள. மற்ற ஊடெண்டா வாசல்ல நிண்டு கேட்டுட்டு வரலாம். அவன்ட ஊட்டுக்குப் போனா நாள் முழுக்க இரிக்கணும். வெள்ளிக்கிழம போறன். ரெண்டு பேரும் ஒண்டா ஜும்ஆவுக்குப் போயிட்டு உன்ட ஊட்டுக்குச் சாப்பிட வாறம்."

சந்தோஷத்தில் நான் வியாழக்கிழமையே மீன் சொல்லி வைத்தேன். வெள்ளி காலையில் அந்த மீனை வெட்டிக்கொண்டிருந்தபோது சித்தி லைலாவின் போன் வந்தது. தம்பி சுபஹு தொழுதுவிட்டு வந்து வாசல் கதிரையில் இருந்தானாம். நெஞ்சைப் பிடித்தானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே மவுத்தாகிவிட்டான்.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா எடுக்க வளவு நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள். மையித்தை வைத்த பெட்டியான சந்தூக்கைத் தூக்கும் முன் நெருங்கிய உறவு ஒருவர் எழுந்து, மவுத்தானவர் யாருக்கும் குறை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி சபையிடம் கேட்க வேண்டும். காக்காதான் கேட்க வேண்டும். நானும் சித்தி லைலாவும் உள்ளே ஜன்னலோரம் இருந்தோம். எத்தனையோ கூட்டங்களில் கதைத்த மனிதர் எழுந்து நின்றார். பிறகு சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சந்தூக்கின் பக்கத்தில் குந்தினார்.

"தம்பி, காக்கா ஒண்டு கேக்கிறன். உன்ட காணிய இந்தப் போகத்துக்கு மட்டும் தருவியா? உனக்கு விருப்பமில்லாட்டி வேணாம்."

தம்பிராசா துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். காக்கா எழும்பவில்லை. மேல்மடைக்காரர் வீடுகளில் எப்படிப் பதிலுக்குக் காத்திருந்தாரோ அப்படியே காத்திருந்தார்.

எனக்கு "ஓம்" என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. தம்பியும் அதைத்தான் சொல்லியிருப்பான், எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவனிடம் கேட்காமல் அவனுக்காக ஒருவர் கதைத்ததில்தான் இவ்வளவும் வந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். காக்காவைக் கைபிடித்து எழுப்பிவிட்டுச் சந்தூக்கைத் தூக்கினார்கள்.