உங்கள் நாட்டில் இந்தப் பக்கம் கிடையாது

தம்பி இறந்த செய்தி வந்தபோது நான் பெங்களூரு காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் பல வருடமாக இருந்தான். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று அவன் மனைவி போனில் சொன்னாள். அவள் அந்த ஊர்க்காரி. நான் "ஓகே" என்றேன். பிறகு வெண்டைக்காயை எடை போட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை தெரியாது. துக்க வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டோம் என்பது எனக்குத் தெரியாததா?

போக முடியாது என்பது அன்றைக்கே தெளிவாகிவிட்டது. அம்மாவின் பாஸ்போர்ட் எப்போதோ காலாவதியாகியிருந்தது. என்னிடம் விசா இல்லை. நேர்காணலுக்குத் தேதி கேட்டால் மாதக்கணக்கில் தள்ளிக் காட்டியது. அதில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. நாடு என்றால் கதவு இருக்கும், கதவு என்றால் பூட்டு இருக்கும்.

அம்மாவுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் கிறிஸ்தவ சபையில் சாவு என்றால் பெட்டி கூடத்தில் திறந்தே இருக்கும். வருகிறவர்கள் முதலில் முகம் பார்ப்பார்கள், அப்புறம்தான் நாற்காலி தேடுவார்கள். மூடும் நேரம் வரும்போது வீட்டார் ஒவ்வொருவராகக் குனிந்து நெற்றியில் முத்தமிடுவார்கள். அதற்கும் முன்னால் போட்டோகிராபரைக் கூப்பிட்டு, பெட்டியைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வோம். அப்பாவின் பெட்டிக்குப் பின்னால் நானும் தம்பியும் விறைப்பாக நிற்கிற படம் பீரோவில் இருக்கிறது. வெளியாட்கள் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். எங்களுக்கு அது கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்திலேயே வைக்கிற படம்தான்.

அடக்கத்தைப் போனில் காட்ட முடியுமா என்று தம்பி மனைவியிடம் கேட்டேன். ஆராதனை நடக்கிற ஹாலுக்குள் போனைப் பிடித்துக் காட்ட விடமாட்டார்கள், அடக்கம் செய்து கொடுக்கும் கம்பெனியே கேமரா வைத்துத் தன் வெப்சைட்டில் நேரலையாகக் காட்டும் என்றாள். லிங்க் அனுப்பினாள். அம்மாவிடம் சொன்னதும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "நல்ல ஆளுங்கதான்" என்றாள். பார்த்தே இராதவர்களைப் பற்றி!

அங்கே காலை பத்து மணி, இங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். பாஸ்டர் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். தெருவில் பாதிப் பேர் கூடத்தில் இருந்தார்கள். அம்மா வெள்ளைப் புடவையைக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். லேப்டாப்பை டிவியில் இணைத்து லிங்கைத் தட்டினேன்.

வெள்ளைப் பக்கம் ஒன்று வந்தது. நடுவில் இங்கிலீஷில் ஒரே வரி: உங்கள் நாட்டில் இந்தப் பக்கம் கிடையாது.

அம்மா டீச்சராக இருந்தவள். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்படின்னா என்னடி?"

"இந்தியாவுல இருந்து வர்றவங்கள உள்ள விடமாட்டாங்கம்மா."

"யாரு விடமாட்டாங்க?"

"வெப்சைட்டு."

"ஃபோன் பண்ணிச் சொல்லு. பெத்த அம்மான்னு சொல்லு. விடுவாங்க."

சொல்வதற்கு அங்கே ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் என் வேலையே அதுதான். கம்பெனிகளின் வெப்சைட்டுகளைப் பார்த்துக்கொள்கிற ஆபீஸில் இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து கண்டவர்களும் புகுந்து தொல்லை கொடுக்கிறார்கள் என்று யாராவது புகார் செய்தால், நாடுகள் வரிசையாக வரும் ஒரு திரையைத் திறந்து, வேண்டாத நாட்டுக்கு எதிரே டிக் போடுவோம். அந்த நாட்டு ஜனம் மொத்தமும் வெளியே நிற்கும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அந்த ஊரிலும் என்னைப் போல ஒருத்தி டீயை வைத்துக்கொண்டு டிக் போட்டிருப்பாள்.

வேறு நாட்டிலிருந்து வருவதுபோல் காட்டுகிற ஆப்களைப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கள்ள வழியையும் அடைத்திருந்தார்கள். டிக் போட்டவள் வேலை தெரிந்தவள். தம்பி மனைவியின் போன் அணைந்து கிடந்தது. அவனுடைய நண்பன் ஒருவனின் எண் இருந்தது, அதுவும் எடுக்கவில்லை. எல்லோரும் ஹாலுக்குள் இருந்திருப்பார்கள். பின்வீட்டு அக்கா, வீட்டில் கன்னடம் பேசுகிறவள், அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே, "ஸ்வல்ப பொறுங்க டீச்சர், வந்துரும், நெட்டு ஸ்லோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நெட்டு நன்றாகத்தான் இருந்தது. நான் திருத்தவில்லை.

தட்டிக்கொண்டே இருந்தேன். அதே வரி திரும்பத் திரும்ப டிவியில் பெரிசாக வந்தது. கடைசியில் அம்மாவே, "போதும், ஆஃப் பண்ணு, பெட்டிய மூடியிருப்பாங்க" என்றாள். யாரோ காபி கொண்டுவந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. சர்க்கரை தூக்கல் என்று மட்டும் தோன்றியது.

அடுத்த வாரமே ஆபீஸ் போனேன். அந்தக் கம்பெனிக்குப் புகார் எழுதலாம் என்று பார்த்தால், புகார் எழுதுகிற பக்கமும் அதே வெப்சைட்டுக்குள் இருந்தது. உள்ளே விடவில்லை என்று சொல்வதற்கு உள்ளே போக வேண்டும். தம்பி மனைவியிடம் கேட்டு, அவள் மூலம் சொல்லி அனுப்பினேன். முகத்தைப் போட்டோ எடுத்திருந்தால் அனுப்பு என்றும் எழுதினேன். எங்களிடம் அந்த வழக்கமில்லை, மன்னிக்கவும் என்று அவளிடமிருந்து பதில் வந்தது. அவள் மேல் தப்பில்லை.

இதற்கிடையில் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். கோட்டு போட்டுப் படுக்க வைத்திருப்பார்கள், அவன் தலைமுடியை ஒரு பக்கமாக வாரியிருப்பார்கள், தூங்குகிற மாதிரியே இருந்திருப்பான். "எல்லாம் காட்டியிருக்காங்க. நமக்குத்தான் கொடுத்து வைக்கல. அந்த வெப்சைட்டுக்காரன் மட்டும் விட்டிருந்தா!" அவனை அவள் திட்டாத திட்டு இல்லை. அடக்க ஒடுக்கமான டீச்சருக்கு இத்தனை வசவு தெரியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஞாயிறு தவறாமல் என்னிடம், "பாத்தியா, தொறக்குதா?" என்று கேட்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஆராதனைக்குப் போயிருந்தபோது லிங்கைத் தட்டிப் பார்த்தேன். திறந்தது. சொல்லி அனுப்பியதைக் கேட்டு யாரோ டிக்கை எடுத்திருந்தார்கள். பதிவு செய்த வீடியோ அப்படியே இருந்தது.

பெட்டி ஆரம்பத்திலேயே மூடியிருந்தது. மேலே வெள்ளைப் பூக்கள், பக்கத்தில் சட்டம் போட்ட அவன் போட்டோ. ஜனங்கள் வந்தார்கள், மூடியைத் தொட்டார்கள், உட்கார்ந்தார்கள். பாட்டு, பேச்சு, மறுபடி பாட்டு. இதோ திறப்பார்கள் என்று கடைசி வரைக்கும் பார்த்தேன். கறுப்புக் கோட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே அதுதான் வழக்கம்போல. அவன் முகத்தை யாருமே பார்க்கவில்லை. முகத்தைக் காட்டாமல் ஒரு சாவு நடக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அதனால் யாரும் கேட்கவுமில்லை. எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. அந்த ஹாலின் நாற்காலி மெத்தைகள் சாம்பல் நிறம். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

லேப்டாப்பை மூடுவதற்குள் அம்மா வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தொறந்துச்சா?"

"இல்லம்மா. இந்தியாவுக்கு இன்னும் பிளாக்தான்."

"பாழாப்போறவன்" என்று தொடங்கினாள். அவள் திட்டி முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆமாம் போட்டேன். மூச்சு வாங்க நிறுத்தியவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க இருந்தவங்களாவது நல்லா பாத்திருப்பாங்க, இல்லடி?"

"பாத்திருப்பாங்கம்மா" என்றேன்.