வெடி சதுரங்கத்துக்கு விதி எழுதியவர்

வலது கை குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டியது. உடனே இரண்டு கைகளும் சேர்ந்து குதிரை, வெட்டுப்பட்ட சிப்பாய், பக்கத்தில் நின்ற யானை, ராணி எல்லாவற்றையும் அள்ளிப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டன. பிறகு அதே நகர்வைக் கணினியில் செய்து, அங்கேயும் அதே காய்கள்தான் மறைந்தனவா என்று கட்டம் கட்டமாகச் சரிபார்த்தன.

வெடி சதுரங்கம் அப்படித்தான். வெட்டிய காய், வெட்டுப்பட்ட காய், சுற்றி நிற்பவை எல்லாம் வெடிக்கும். சுற்றி நிற்கும் சிப்பாய்கள் மட்டும் தப்பும். எதிராளியின் ராஜா வெடித்தால் ஆட்டம் முடிந்தது.

இணையத்தில் இதை ஆடுகிறவர்கள் விதி மீறாமல் பார்த்துக்கொள்ளும் நிரலை எழுதிய, அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரருக்கு வயது ஐம்பத்திரண்டு. அலுவலகத்தில் நடுவர் என்றே கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷம் பள்ளிப் போட்டிகளில் சதுரங்க நடுவராக நின்று, முட்டி வலி வந்தபின் நிரல் எழுதத் தானே கற்றுக்கொண்டவர். மூன்று மாதச் சோதனைக் காலம் அன்றோடு முடிகிறது. மாலை ஐந்து மணிக்கு அந்த நிரலில் முதல் இணையப் போட்டி. அது ஒழுங்காக நடந்தால்தான் வேலை நிலைக்கும்.

மூன்று மணிக்கு, வீட்டில் அவருக்கு எதிரே கணினியோடு உட்கார்ந்து சோதனைக்காக ஆடிக்கொண்டிருந்த கொழுந்தியாள் மேசையைத் தட்டினாள்.

“அத்தான், இது அநியாயம். ராணியால வெட்டினா உங்க ராஜா வெடிச்சிரும். வெட்டவே விடமாட்டேங்குது.”

திரையில் அவர் எழுதிவைத்த வாசகம் வந்து நின்றது: ‘முதலில் உங்கள் ராஜாவைக் காப்பாற்றவும்.’

“உன் ராஜா செக்குல நிக்குதும்மா. அதை விட்டுட்டு ஊர் வம்பு எதுக்கு?”

“உங்க ராஜாவே போனப்புறம் செக்கு ஏது?”

“இருபத்தாறு வருஷமா நான்...”

“அதுல குதிரை வெடிச்சுதா அத்தான்?”

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். “நீங்க விதி எழுதி வெச்ச நோட்டைத்தான் பாருங்களேன்.”

பார்த்தார். அவர் கையெழுத்திலேயே, சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு இருந்தது: செக்கில் இருந்தாலும் எதிராளி ராஜாவை வெடிக்க வைக்கலாம். நோட்டில் சரியாக எழுதியவர், நிரல் எழுதும்போது பழைய ஆட்டத்துக்கே போய்விட்டிருந்தார்.

“இப்ப சொல்லுங்க, யாரு விதியை மீறினது?”

“நடுவர்தான்.”

“வெளியே அனுப்பிரலாமா?”

“அஞ்சு மணி வரைக்கும் பொறு.”

சொந்த ராஜாவுக்குச் செக்கா என்று முதலில் கேட்ட நிரலை, எதிராளி ராஜா போயிற்றா என்று முதலில் கேட்கும்படி மாற்றினார். ஒரே வெடியில் சொந்த ராஜாவும் போனால்? அப்படி வெட்டக் கூடாது. அந்தக் கேள்வியை அதற்கும் முன்னால் வைத்தார். பிறகு டப்பாவைக் கவிழ்த்து, நோட்டில் இருந்த நாற்பத்தொரு சோதனை வெடிகளையும் முதலிலிருந்து கையால் செய்து பார்க்கத் தொடங்கினார்.

“ஒண்ணை மாத்தினதுக்கு எல்லாத்தையுமா?”

“அந்த ஒண்ணு இன்னும் எதைக் கெடுத்திருக்கோ.”

நாலே முக்காலுக்குக் கொழுந்தியாள் அதே ராணியால் மறுபடி வெட்டினாள். கணினி முரண்டு பிடிக்காமல் அவளுக்கே வெற்றி கொடுத்தது.

மேலாளர் போனில் வந்தார். “சார், ரெடியா?”

“மூணு மணி வரைக்கும் ஒரு தப்பு இருந்தது. இப்ப இல்லை.”

“அதை ஏன் சார் என்கிட்ட சொல்றீங்க?”

“எழுதினவன்தானே சொல்லணும்,” என்று சொல்லி, திருத்திய நிரலை அனுப்பும் பொத்தானை அழுத்தினார். “வந்துடுச்சா பாருங்க.”

“வந்துடுச்சு சார். அஞ்சு மணிக்கு இதுலயே ஆரம்பிச்சிடலாம்.”