மூன்றாம் தட்டு ஷாம்பெயின்

ஒயின் விற்பவர் ஒரு நாளில் அதிகம் குடிப்பது தண்ணீரைத்தான். பேசிப் பேசித் தொண்டை காய்ந்துவிடும். பொருளோடு விளக்கமும் சேர்த்து விற்றுப் பிழைக்கும் அன்பர்களே, உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஜொகூர் பாருவில் நான் வேலை செய்யும் மதுக்கடையில் மூன்றாம் தட்டு என் பொறுப்பு. அதில் இருப்பது திராட்சை விவசாயிகள் தாங்களே செய்த ஷாம்பெயின். விஷயம் எளிது. பிரான்ஸில் அந்த வட்டாரத்து விவசாயிகள் பலர் பழத்தைப் பெரிய நிறுவனங்களுக்கு விற்றுவிடுகிறார்கள். நிறுவனங்கள் பல தோட்டத்துப் பழத்தைக் கலந்து, ஆண்டுதோறும் ஒரே ருசி வரும்படி செய்கின்றன. சில விவசாயிகள் மட்டும் பழத்தை விற்காமல் தாங்களே பிழிந்து, புட்டியில் அடைத்து, தங்கள் பெயரை ஒட்டுகிறார்கள். இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். தொல்லை அதற்குப் பிறகுதான்.

கெடு

என் வற்புறுத்தலால் வரவழைத்த புட்டிகள் நான்கு மாதமாக அநேகமாக அசையவில்லை. எங்கள் முதலாளி லிம்மை எல்லாரும் ‘தவுக்கே’ என்றுதான் கூப்பிடுவோம். அவர் தட்டை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்தார், துணி கறுத்தது. சீனப் புத்தாண்டுக்குள் தட்டு காலியாகாவிட்டால் அங்கே பீர் வரும், நான் கிடங்குக்குப் போவேன் என்றார். என் விளக்கத்தில் என்ன குறை என்று கேட்டேன்.

“நீ நல்லா சொல்றே லா. அவங்களும் நல்லா கேட்கிறாங்க. அப்புறம் பீர் வாங்கிட்டுப் போறாங்க.”

பின்பக்கத் தேதி

மகளின் நிச்சயதார்த்தத்துக்காக ஓர் அம்மா வந்தார். புட்டியைத் திருப்பி, பின்பக்கம் இருந்த ஒரே தேதியைப் படித்தார். தேதி போன வருடத்தது. காலாவதியானதை விற்கிறோம் என்பதுபோல் என்னைப் பார்த்தார். அது கெட்டுப்போகும் தேதி அல்ல. புட்டிக்குள் தங்கிய வண்டலை எடுத்துவிட்டு, கடைசித் தக்கையை இறுக்கிய நாள். இந்த விவசாயி அதை மறைக்காமல் அச்சிட்டிருக்கிறார் என்று விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டுப் புட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

“நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா எங்க சம்பந்தியம்மா எதை எடுத்தாலும் முதல்ல தேதியத்தான் பார்ப்பாங்க. அவங்களுக்கு விளக்க நீங்க வருவீங்களா?”

தரக் கட்டுப்பாடு

தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு பார்க்கும் ஒருவர், ஒரே விவசாயியின் இரண்டு வெவ்வேறு ஆண்டு அறுவடைப் புட்டிகளை வாங்கிப் போனார். மறுவாரம் ஒரு தாளோடு வந்தார். முதல் புட்டியில் பச்சை ஆப்பிள் புளிப்பு, இரண்டாவதில் வாட்டிய ரொட்டி வாசம் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். ஓர் ஆண்டு மழை, மறு ஆண்டு வெயில். தோட்டம் ஒன்றுதான், வேறொரு தோட்டத்தைக் கலந்து சரிக்கட்ட முடியாது என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“எங்க லைன்ல இப்படி ரெண்டு விதமா வந்தா மிஷினை நிறுத்திட்டு மேனேஜரைக் கூப்பிடுவோம் அக்கா.”

படையல்

முனியாண்டி சாமிக்குப் படைக்க வருடந்தோறும் கறுப்பு பீர் வாங்கும் லாரிக்காரர், புது லாரி எடுத்ததால் இம்முறை உசத்தியாக ஒன்று கேட்டார். எவ்வளவு நேரம் திறந்து வைப்பீர்கள் என்றேன். பூசை முடிய ஒரு மணி நேரம் ஆகும் என்றார். அதற்குள் குளிர்ச்சி போய்விடும், குமிழியும் குறைந்துவிடும் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் கறுப்பு பீரையே எடுத்துக்கொண்டார்.

“நல்லவேளை சொன்னீங்க. இல்லாட்டி குமிழி போனதுக்கும் சாமி என்னைத்தான் கேட்டிருக்கும்.”

செம்பனைக்காரர்

புத்தாண்டுக்குப் பத்து நாள் இருந்தது. பீர்ப் பெட்டிகள் என் தட்டுக்குக் கீழே வந்து காத்திருந்தன. லாயாங் லாயாங் ஊரில் ஐந்து ஏக்கர் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, வைத்திருக்கும் ஒருவர், தன் மைத்துனர் பீர் எடுக்கும்வரை அங்கே நின்றார். பழக்க தோஷத்தில் விளக்க ஆரம்பித்தேன். நான் முடிப்பதற்குள் அவர் முடித்தார்.

“எங்க குலைய மில்லுல கொட்டினா எது யாருதுன்னு யாருக்கும் தெரியாது. இந்த ஆளு தன் குலையத் தானே புழிஞ்சு, பேரையும் போட்டிருக்கான்.”

நான்கு மாதத்தில் இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். எத்தனை புட்டி வேண்டும் என்று கேட்டேன்.

“நான் குடிக்கிறதில்லக்கா. மச்சானுக்காக நிக்கிறேன்.”

அட்டை

செம்பனைக்காரர் என்ன சொன்னார் என்று தவுக்கே கேட்டார், மலாய் மொழியில் சொன்னேன். தவுக்கே அதை ஓர் அட்டையில் சீனத்திலும் மலாயிலும் எழுதினார், தமிழில் என்னை எழுதச் சொன்னார், தட்டில் ஒட்டினார். தங்கள் தோட்டத்து விளைச்சலை யாரிடமோ கொட்டிவிட்டு வந்தவர்கள் இந்த மாநிலத்தில் நிறைய. டுரியான் பழத்தோட்டக்காரர் ஒருவர் படித்துச் சிரித்துவிட்டு இரண்டு எடுத்தார். அன்னாசிக்காரர் சிரிக்காமல் நான்கு எடுத்தார். புத்தாண்டுக்கு மூன்று நாள் முன்பு தட்டு காலி. கடைசிப் புட்டியை எடுத்தவரிடம் வண்டலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். தவுக்கே கையைக் காட்டி நிறுத்தினார்.

“அட்டை பேசட்டும் லா. நீ பில் போடு.”

கிடங்குக்குப் போகாமல் தப்பிய நான், இப்போது சட்டைப்பையில் வெற்று அட்டைகளும் பேனாவும் வைத்துக்கொண்டு, எதுவும் வாங்க வராதவர்கள் பேசுவதைத்தான் கவனமாகக் கேட்கிறேன்.