இரண்டாம் மாடியில் ஒரு மேசை

செய்தி காலை எட்டரைக்கு வந்தது. டோல்கேட் நிறுத்தத்தில் பேருந்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். கைபேசியில் தெரியாத எண். பேசியவர் மீன் விற்கும் காசியம்மா. யாருடைய போனையோ வாங்கிப் பேசினார்.

"பாயம்மா பூட்டாங்க நைனா. காலைல எழுப்பினா எந்திரிக்கல. மதியத்துக்கு எடுக்குறாங்களாம்."

சரி என்றேன். எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளிவாசல் என்று கேட்டேன். இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு நாளிதழுக்காக வந்த வேலையைப் பார்த்தேன். நெடுஞ்சாலையை அடைத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளைப் பற்றி மூன்று ஓட்டுநர்களிடம் கேட்க வேண்டியிருந்தது. மூவரிடமும் கேட்டேன். அவர்கள் சொன்ன பதில்கள் அதே பக்கத்தில், தொழுகை நேரத்துக்குக் கீழே இருக்கின்றன. அன்று எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

உங்களில் பலருக்கு அவர் பாயம்மா. சிலருக்கு ஹபீபா அக்கா. அவர் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தின் தாள்களில் குடியிருப்போர் நலப் பணியாளர். துறைமுகத்தில் வேலை பார்த்த கணவர் இறந்த பிறகு, முப்பத்தைந்து வயதில், ஒன்பதாம் வகுப்புப் படிப்புடன் அங்கே சேர்ந்தார். திருவொற்றியூர்க் கரையில் கடல் குடிசைகளை எடுத்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. நெடுஞ்சாலை ஓரமாக ஓர் இடத்தை வாங்கி அந்த நிறுவனம் நான்கு கட்டடங்களை எழுப்பியது. ஒவ்வொன்றிலும் தரைத்தளம், அதற்கு மேல் இரண்டு மாடி. மொத்தம் நாற்பத்தெட்டு வீடுகள். ஏழைக்குக் கட்டுப்படியாகும் வாடகை. பத்து ஆண்டு குடியிருந்தால் வீடு அவர்கள் பெயருக்கு.

"வூடு கட்றது மேஸ்திரி வேல. அதுல ஆள குடி வெக்கிறது வேற வேல" என்பார் ஹபீபா.

அந்த வேறு வேலை எது என்று பார்க்க, மக்கள் குடிவந்த முதல் மாதத்தில் ஒரு நாள் முழுவதும் அவருடன் நடந்தேன். எல்லா வீட்டிலும் கழிவறை கட்டியிருந்தார்கள். எல்லாக் கழிவறைகளிலும் வலையும் குடமும் விறகும் அடைந்து கிடந்தன. மக்கள் வழக்கம்போலக் கரைக்கே போய் வந்தார்கள். நிறுவனத்தின் அலுவலர்கள் படம் போட்ட அட்டைகளைக் காட்டிச் சுகாதாரம் பேசிவிட்டுப் போயிருந்தார்கள். ஹபீபா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு வீட்டுக்குள் போவார், தண்ணீர் வாங்கிக் குடிப்பார், கொஞ்ச நேரம் கதை கேட்பார். எழும்போது மெல்ல, பாத்ரூம் போக வேண்டும் என்பார். வீட்டுப் பெண்ணுக்கு முகம் மாறிவிடும். வந்தவர் கேட்கும்போது இல்லையென்று எப்படிச் சொல்வது? அவசர அவசரமாக வலையை இழுத்து வெளியே போடுவார்கள். அன்று பதினோரு வீட்டில் இப்படிக் கேட்டார். பன்னிரண்டாவது வீட்டுப் பெண் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வா பாயம்மா. காலைலயே காலி பண்ணி, கழுவியும் வுட்டேன். பேஜாரு புடிச்ச ஆளு நீ."

ஹபீபா உள்ளே போய்விட்டு வந்து, நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

எதையும் நேராகக் கேட்கிறவர் இல்லை அவர். ஒரே ஒரு முறை, கேட்காமல் எடுத்தார். அது மக்கள் குடிவருவதற்கு முன்பு நடந்தது.

வீடுகளை எப்படிப் பிரிப்பது என்ற பேச்சு வந்தபோது, சீட்டுக் குலுக்கல்தான் என்று ஊர் ஒரே குரலில் சொன்னது. கடலில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதையே அவர்கள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறவர்கள். சீட்டில் விழுந்ததை மாற்றித் தரச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது. வைத்திருக்கிறவர் தானாக முன்வந்து விட்டுக்கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாத வீட்டில்கூட இந்த வழக்கத்தை மீறியதில்லை.

எல்லோருக்கும் தரைத்தளம் வேண்டும். ஏழுமலைக்கு அது வயிற்றுப்பாடு. கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போய் வந்தவர். கடலரிப்பைத் தடுக்கக் கரையில் கொட்டியிருந்த பாறைகளுக்கு நடுவே, மரத்தை மேலே ஏற்றும்போது வலது கால் சிக்கி நசுங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மணலில் உட்கார்ந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்துவந்தார். கட்டையை ஊன்றிக்கொண்டு தினமும் இரண்டு மாடி இறங்கி ஏற அவரால் முடியாது. மாடி விழுந்தால் அந்த வேலையும் போகும். இது ஊருக்குத் தெரியும், ஹபீபாவுக்கும் தெரியும்.

குலுக்கல் அன்று நான் அங்கே இருந்தேன். உள்ளே யாரும் பார்க்க முடியாதபடி கழுத்துக் குறுகிய பிளாஸ்டிக் குடம் ஒன்றில் சீட்டுகள் கிடந்தன. சீட்டுகளை எழுதி மடித்தவர் ஹபீபா. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து கைவிட்டு எடுத்தார். ஏழுமலை கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் வந்ததும், அவருக்காகத் தானே எடுப்பதாக ஹபீபா சொன்னார். யாரும் மறுக்கவில்லை. கையை விட்டார். எடுத்தார். பிரித்துப் படித்தார். இரண்டாவது கட்டடம், தரைத்தளம்.

கூட்டம் கை தட்டத் தொடங்கியது. முன்வரிசையில் இருந்த காசியம்மா எழுந்தார். அவர் குரலை உயர்த்தவில்லை.

"பாயம்மா, உன் கை கொடத்துக்குள்ள போவும்போதே மூடிக்கினு போச்சி. மீனெடுக்கப் போற கை விரிஞ்சிதான் போவும்."

நானும் பார்த்திருந்தேன். குடத்தின் கழுத்தில் அந்தக் கை ஒரு கணம் தடங்கியது. அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தோன்றவில்லை. முப்பது ஆண்டு மீன் விற்றவருக்குத் தோன்றியது.

ஹபீபா குடத்தைக் கீழே வைத்தார்.

"ஆமா. சீட்ட முன்னாடியே கையில வெச்சிக்கினு வந்தேன். ஏழுமலைக்குத் தெரியாது. தப்பு என்னுது."

அவ்வளவுதான் சொன்னார். அன்று குலுக்கல் நின்றது. அதுவரை எடுத்த சீட்டுகளையும் யாரும் நம்பவில்லை. மொத்தச் சீட்டும் செல்லாது, மறுபடி போடும்வரை ஒருவரும் குடிபோவதில்லை என்று ஊர் முடிவு செய்தது. ஏழு நாள் ஆயிற்று. அந்த ஏழு நாளில் கடல் இரண்டு குடிசைகளை எடுத்துக்கொண்டது. உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு குடும்பங்களும் மீதி நாள்களை ஒரு படகுக்கு அடியில் தார்ப்பாய் கட்டிக் கழித்தன. ஹபீபா ஒவ்வொரு நாளும் அங்கே போய் நின்றார். அவர்கள் திட்டியதைக் கேட்டுக்கொண்டார்.

நிறுவனம் அவரை வேலையிலிருந்து எடுக்க நினைத்தது. அதைத் தடுத்தவர் காசியம்மா. திருடியதைத் திருடினேன் என்று சொன்ன ஆளை அனுப்பிவிட்டு, இனி சொல்லாத ஆளையா கூட்டிவரப் போகிறீர்கள் என்று கேட்டார். இரண்டாவது குலுக்கலையும் ஹபீபாவே நடத்தினார். தொடங்கும் முன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து காட்டினார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இந்த முறை ஏழுமலையை நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். தானே எடுத்தார். இரண்டாவது கட்டடம், இரண்டாம் மாடி. அதே கட்டடத்தின் தரைத்தளம் காசியம்மாவுக்கு விழுந்தது.

"சீட்டு சீட்டுதான்" என்றார் ஏழுமலை. பிறகு ஹபீபாவைப் பார்த்து, "ஊரு முன்னாடி என்ன திருடனாக்கிட்டியே" என்றார்.

அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. ஹபீபா வந்தால் கதவைச் சாத்திக்கொள்வார். மனைவி தேசம்மா வலைகளை மேலே தூக்கிவந்து பார்த்தார். வீட்டுக்குள் வலையை விரித்துப் போட இடம் போதவில்லை. வலை கொடுக்கிறவர்கள் குறைந்தார்கள்.

இரண்டாவது கட்டடத்தின் தரைத்தளத்தில் நலப்பணிக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். ரேஷன் அட்டையில் முகவரி மாற்ற, பள்ளியில் சேர்க்க, விதவை உதவித்தொகைக்கு எழுத என்று எல்லாவற்றுக்கும் மக்கள் அங்கே வர வேண்டும். ஹபீபா அந்த அறையைப் பூட்டிவிட்டு, மேசையைத் தூக்கிக்கொண்டுபோய் இரண்டாம் மாடியில் படிக்கட்டு முடிகிற இடத்தில் போட்டார். ஏழுமலையின் மூடிய கதவுக்கு எதிரே. ஏன் என்று நான் கேட்டேன். கீழே அறையில் சாமான் அடைந்திருக்கிறது என்றார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அறை காலி.

கதவு உடனே திறக்கவில்லை. ஒருவர் ரேஷன் மனு எழுத வந்திருந்தார். தாத்தா பெயர் கேட்டதற்கு ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஏழுமலையின் குரல் கேட்டது.

"டேய், அது உங்க தாத்தா தம்பிடா. ஒயிங்கா சொல்லு."

அந்தக் கரையின் மூன்று தலைமுறைப் பெயர்களும் அவருக்கு மனப்பாடம். ஒரு வாரத்தில் கதவு பாதி திறந்தது. ஒரு மாதத்தில் அவர் நாற்காலியைக் கதவருகே போட்டுக்கொண்டார். ஹபீபாவோடு நேராகப் பேசவில்லை. மனு கொடுப்பவரிடம் சொல்வதுபோல் அவருக்குச் சொல்வார். அவரும் அப்படியே பதில் சொல்வார்.

நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் அந்தப் படிகளை ஏறினார்கள். ஏறி முடிந்து, மூச்சு வாங்கும்போது எதிரே ஏழுமலை உட்கார்ந்திருப்பார், கட்டை சுவரில் சாய்ந்திருக்கும். யாருக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. காசியம்மாவுக்கு விதவை உதவித்தொகை இழுத்தடித்துக்கொண்டிருந்தது. கூடை சுமந்து தேய்ந்த முட்டியோடு வாரம் ஒருமுறை ஏறுவார். இப்படி எட்டு மாதம்.

கடைசியில் ஒருநாள் ஏறிவந்தவர் மேசைமேல் கையூன்றி நின்றார். நான் அன்று அங்கே இருந்தேன்.

"இன்னா பாயம்மா, கேக்காமலே கேட்டுக்கினு கீறியா?"

"நான் இன்னா கேட்டேன்? ஒண்ணும் கேக்கலியே."

"அத்தத்தான் நானும் சொல்றேன்."

காசியம்மா அடுத்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து, தன் வீட்டைத் தானாகவே கொடுப்பதாகவும் யாரும் கேட்கவில்லை என்றும் சொன்னார். இரண்டையும் இரண்டு முறை சொன்னார். ஏழுமலை தரைத்தளத்துக்கு வந்தார். மறுநாள் காலை மேசையும் கீழே அறைக்கு வந்துவிட்டது. இரண்டாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்த காசியம்மா, நான் ஏறின பிறகு மேசை இறங்குதா என்று ஆரம்பித்துத் திட்டியது நெடுஞ்சாலைவரை கேட்டது. அன்றிலிருந்து அவருடைய மனுக்களை மட்டும் ஹபீபாவே மாடியேறிப் போய் எழுதினார்.

ஏழுமலை மறுபடி கரையில் உட்கார்ந்தார். இன்றும் உட்கார்கிறார்.

அடக்கம் ராயபுரத்தில். பெண்கள் வழக்கப்படி தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். காசியம்மா கூடையை இறக்காமல் நின்றார். ஏழுமலை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வந்து இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மற்றவர்கள் செய்வதைப் பார்த்து மூன்று பிடி மண் போட்டார். திரும்பும்போது, பேப்பரில் எழுதுவாயா என்று கேட்டார். எழுதுவேன் என்றேன்.

"மெய்யாலும் நடந்தத எழுது. இல்லாங்காட்டி அது வேற யாரோ, பாயம்மா இல்ல."

எழுதியாயிற்று. இறந்தவரின் குற்றத்தைச் சொல்வது முறையா என்று உங்களில் சிலர் வருந்துவீர்கள். நான் வருந்துகிறேனா என்று தெரியவில்லை. மண் போட்ட கையைக் கழுவிவிட்டு அலுவலகம் போய் லாரிச் செய்தியை எழுதினேன். இதை எழுத மூன்று வாரம் ஆயிற்று.

இந்தத் தொழிலில் ஏராளமான மன்னிப்புகளைக் குறித்துக்கொண்டிருக்கிறேன். அதிகாரிகள், தலைவர்கள், முதலாளிகள். தவறு நடந்தது, ஆனால் என்று தொடங்குவார்கள். ஹபீபாவுக்குச் சொல்லக் காரணம் இருந்தது. கட்டையை ஊன்றிய ஒரு மனிதர் கூட்டத்தின் கடைசியிலேயே உட்கார்ந்திருந்தார். அவரை நோக்கிக் கையைக் காட்டியிருந்தால் போதும். ஹபீபா காட்டவில்லை. ‘ஆனால்’ இல்லாத அந்த மூன்று வரிதான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அதை ஒருமுறையாவது பயன்படுத்த வேண்டும்.

முதல் குலுக்கலுக்கு மறுநாள் எங்கள் நாளிதழில் ஆறு வரிச் செய்தி வந்தது. கடலரிப்பில் வீடிழந்தவர்களுக்கான குலுக்கல் சுமுகமாக நடந்தது, மீதிச் சீட்டுகள் அடுத்த வாரம் எடுக்கப்படும் என்று அது சொன்னது. அதைப் படித்துவிட்டு ஹபீபா என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்: "சுமுகமாவா நடந்துச்சி?"

திருத்தம்: குலுக்கல் சுமுகமாக நடக்கவில்லை. எனக்குத் தெரியும். எழுதியவன் நான். தவறு என்னுடையது.