லேப்டாப் சூடானதற்கு நான்தான் காரணமாம்

வகுப்பு தொடங்கிக் கால் மணி நேரத்தில் லேப்டாப்பின் விசிறி மிக்சி போல இரையும். திரையில் என் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். இந்தத் தீவில், அபர்டீன் பஜாருக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வாடகை வீட்டில் உட்கார்ந்து மெயின்லேண்ட் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். எனக்கென்று இருந்த ஒரே வேலை அதுதான். இன்னொரு முறை வகுப்பு நின்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று டியூஷன் நிலையத்தில் சொல்லியிருந்தார்கள்.

எந்த புரோகிராம் இப்படி உழைக்கிறது என்று பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். திறந்ததும் இரைச்சல் அடங்கியது. கணவர் எட்டிப் பார்த்தார்.

"தேக்கோ, நல்லா பாரு, ஒண்ணுமே இல்ல. தினம் நீ கத்துற கத்துல மெஷினுக்கே மண்டை காயுது."

அவர் நகர்ந்ததும் மூடினேன். மறுபடியும் இரைச்சல். திறந்தால் அமைதி, மூடினால் இரைச்சல். ஆள் பார்க்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக இருக்கும் ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று புரிந்தது. நெட்டைத் துண்டித்தேன், அப்போதும் அடங்கியது. பிறகு புரோகிராம்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். கொழுந்தன் சென்னையிலிருந்து வந்துபோன வாரத்தில் ஏறிய வீடியோ சாஃப்ட்வேர்தான் மேலே நின்றது.

கடலடிக் கேபிள் வருவதற்கு முன் இங்கே நெட் நத்தையாக நகரும். படம், பாட்டு, சாஃப்ட்வேர் எல்லாமே மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்களின் ஹார்ட் டிஸ்க்கில்தான் வரும். நல்ல நெட் வந்த பிறகும் இந்தப் பழக்கம் விடவில்லை. ஓசி சாஃப்ட்வேருக்குள் ஒளிந்து வந்த ஒரு புரோகிராம், எங்கள் வீட்டுக் கரண்டில் எவனுக்கோ பிட்காயின் மாதிரி டிஜிட்டல் காசு தோண்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, உங்க தம்பி குடுத்ததுலதான் இது வந்திருக்கு."

"அவன் மேல பழி போடாத. நாலு நாள் கிளாஸ நிறுத்து, தானா ஆறிடும்."

சொன்னதோடு விட்டிருக்கலாம். என் போனை எடுத்து, நான் ஒரு வாரம் வகுப்பு எடுக்க மாட்டேன் என்று நிலையத்துக்கு அவரே செய்தி அனுப்பிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று மத்தியானமே அந்த சாஃப்ட்வேரையும், அழித்தால் திரும்ப முளைக்கும்படி அது பதுக்கியிருந்த நகல்களையும் தேடித்தேடி நீக்கினேன். விசிறி நின்றது. சரியாகிவிட்டது, நாளைக்கே வருகிறேன் என்று நிலையத்துக்கு எழுதினேன். வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகப் பதில் வந்தது.

சாயங்காலம் கணவர் லேப்டாப்பின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தபடி தம்பியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இப்ப ஜில்லுனு இருக்குடா. உன் அண்ணி கிளாஸ நிறுத்துனதும் பாரு, ஸப் டீக் ஹோ கயா, எல்லாம் சரியாப்போச்சு."