ஆர்வோ கங்காஸ் எழுதிய நாற்பத்தொன்று

எங்கள் ஊர் நூலகத்தில், கட்டிடத்தைச் சூடாக்கும் பாய்லரைப் பார்த்துக்கொண்ட ஆர்வோ கங்காஸ் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஓய்வு பெற ஏழே மாதம் இருக்கும்போது, ஒரு எண்ணை மாற்றி எழுத மாட்டேன் என்று அடம் பிடித்தார் மனிதர்.

அவர் எப்போதுமே அப்படித்தான். ஒரு வருஷம் ஏரி உறைந்ததும் நடக்கும் மீன்பிடிப் போட்டியில் அவருக்கு முதல் பரிசு அறிவித்துவிட்டார்கள். இவர் தானாகப் போய், "மீனை அளந்தது தப்பு, கால் அங்குலம் கம்மி" என்று சொல்லிப் பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் மனைவி ரோசலி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. நானாக இருந்தால் ஒரு மாதம் பேசியிருக்க மாட்டேன்.

போன வருஷம் எங்களுக்குப் புது நூலகம் கட்டினார்கள். பசுமைக் கட்டிடமாம். அதற்குப் புள்ளிகள் உண்டு. புள்ளி கூடினால் தங்கச் சான்றிதழ், குறைந்தால் வெள்ளி. தங்கம்தான் என்று மேயர் பேனரே அடித்துவிட்டார். சைக்கிள் நிறுத்த இடம் விட்டதற்கு ஒரு புள்ளி. ஆறு மாதம் இடுப்பளவு பனி கிடக்கும் ஊரில் யார் சைக்கிள் ஓட்டுவது என்று யாரும் கேட்கவில்லை. சின்ன பாய்லர் வாங்கி எரிவாயுவை மிச்சம் பிடித்ததற்குச் சில புள்ளிகள். எல்லாம் சேர்த்தும் தங்கத்துக்கு ஒன்று குறைந்தது.

அந்த ஒன்றுக்குப் புள்ளி ஆலோசகர் மெரிடித் ஒரு வழி கண்டுபிடித்தார். திறப்பதற்கு முன் பெயிண்ட், பசை வாடையெல்லாம் போக, பதினாலு நாள் வெளிக்காற்றை உள்ளே ஊதித் தள்ள வேண்டும். அத்தனை நாளும் உள்ளே அறுபது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது. குறையவில்லை என்று பாய்லர்காரர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதை எந்த மாதத்தில் செய்தார்கள்? ஜனவரியில்! வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி.

"அந்தக் காத்தைச் சூடாக்க இந்த பாய்லரால முடியாதும்மா. மே மாசம் வரைக்கும் பொறுங்க" என்றார் ஆர்வோ.

"திறப்பு விழா பிப்ரவரியில, சார். நீங்க ஓட விடுங்க" என்றார் மெரிடித்.

ஓட விட்டார்கள். நான்காம் நாள் உள்ளே நாற்பத்தொன்று, ஃபிரிட்ஜுக்குள் இருக்கிற குளிர். ஆர்வோ அதை அப்படியே எழுதினார். அதற்குப் பிறகும் அறுபதைக் கண்ணால் பார்க்க முடியவில்லை.

நூலக இயக்குநர் ஹார்லன் பாய்லர் அறைக்கே இறங்கி வந்தார். "ஆர்வோ, அறுபதுன்னு போட்டுடுங்களேன். யாரு வந்து பாக்கப்போறா?"

"நான் பாத்தேனே."

"மேயர் விட மாட்டார். உங்களை எங்கேயாவது தூக்கிப் போட்டா என்னைக் கேக்கக் கூடாது."

ஆர்வோ காப்பியைக் குடித்தார். புத்தகம் அடுக்குகிற வேலைக்கு நடுவே குளிர் காய அங்கே வந்திருந்த நான், ஹார்லன் போனதும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "யோவ், எழுதித் தொலைய்யா! ஏழு மாசத்துக்கு ஒரு பொய் தாங்காதா உனக்கு? வயசான காலத்துல எங்க போய் அலையப்போறே?"

"நாப்பத்தொண்ணுதானே இருந்துச்சு, லோயிஸ்?"

"ஆமா, இருந்துச்சு! அதுக்கு?"

"அதான் எழுதியிருக்கேன்" என்றார். இந்த ஆளிடம் என்ன பேசுவது? எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வெள்ளிதான் கிடைத்தது. மேயர் பேனரைச் சுருட்டினார். விழா முடிந்த மறுநாளே ஆர்வோவைக் கழிவுநீர் நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஹார்லன் ஒரு தாளோடு என் மேஜைக்கு வந்தார். "தங்கம் கேட்டு மேல்முறையீடு பண்ணலாமாம், லோயிஸ். அந்தப் பதினாலு நாளும் நீங்க புத்தகம் அடுக்க வந்தீங்கல்ல? உள்ளே கதகதப்பா இருந்துச்சு, ஆர்வோ தெர்மாமீட்டரைத் தப்பாப் பாத்திருப்பார்னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க, போதும்."

பேனாவை எடுத்தேன். ஆர்வோவுக்கு நான் சொன்ன புத்தியெல்லாம் ஞாபகம் வந்தது. அந்த ஆள் தெர்மாமீட்டரை ஒரு தடவைகூடத் தப்பாகப் பார்த்ததை நான் கண்டதில்லை. மனதாரத் திட்டிக்கொண்டே எழுதினேன்: "இரண்டு கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் புத்தகம் அடுக்கினேன். மூச்சு விட்டால் புகையாக வந்தது. ஆர்வோ சரியாகத்தான் பார்த்தார்." கீழே கையெழுத்தும் போட்டேன்.

ஹார்லன் படித்தார். தாளை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை முதல் எனக்கும் கழிவுநீர் நிலையத்தில்தான் வேலை. எல்லாம் அந்த மனுஷனால் வந்தது.