வாய் திறக்காத பிள்ளைக்கு முதல் தரம்

வெர்னிட்டா ஓடம் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டுபவள். குடித்துவிட்டு ஏறுபவனையும் சில்லறை இல்லாமல் ஏறுபவளையும் குரலை உயர்த்தாமலே வழிக்குக் கொண்டுவரத் தெரிந்தவள். அவளுடைய வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது: பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வரக் கூடாது.

கறுப்பினத்தவர் வாழும் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதே சட்டம்தான். வெள்ளைக்காரப் பிள்ளை நாற்காலியை உதைத்தால் குறும்பு என்பார்கள். கறுப்புப் பிள்ளை உதைத்தால் போலீஸ்காரர் வாசலில் நிற்பார். ஆகவே தாய்மார்கள் தலை பின்னும்போதே காதில் ஓதிவிடுவார்கள். வெர்னிட்டாவுக்கு அவளுடைய அம்மா ஓதினாள். வெர்னிட்டா தன் மகள் கமாயாவுக்கு ஓதினாள். கமாயா மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஓர் அழைப்புகூட வந்ததில்லை. மதிப்பெண் அட்டையில் வாசிப்புக்கு எப்போதும் 'ஏ'. வெர்னிட்டா அதனைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பாள்.

உண்மை வெளிப்பட்டது ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமையன்று. அன்று சபையிலுள்ள ஒவ்வொரு குழந்தையும் புத்தாடையுடன் முன்னே வந்து நாலு வரி சொல்ல வேண்டும். கமாயா தன் வரிகளை அம்மா சொல்லச் சொல்லக் கேட்டே மனப்பாடம் செய்திருந்தாள். அழகாகச் சொல்லியும் முடித்தாள். ஆனால் வேறொரு சிறுமிக்குக் காய்ச்சல். ஞாயிறு வகுப்பு நடத்தும் சிஸ்டர் கெய்ன்ஸ் அந்தச் சிறுமியின் தாளைக் கமாயாவின் கையில் கொடுத்தார்.

"நீதான் நல்லாப் படிக்கிற பொண்ணாச்சே. இதையும் பாத்துப் படிச்சிடு கண்ணு."

கமாயா தாளைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, முன்பு சொன்ன அதே நாலு வரியை மறுபடியும் சொன்னாள்.

"பரவால்லடா தங்கம்!" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "கர்த்தர் ரெண்டு தடவ கேட்டாலும் சந்தோஷப்படுவாரு!" என்றார் மற்றொருவர். சபையே சிரித்துக் கைதட்டியது. சபைக்கூச்சம் என்று எல்லாரும் நினைத்தார்கள். வெர்னிட்டா மட்டும் கைதட்டவில்லை. மகளுடைய கண்கள் தாளில் எந்த இடத்திலும் நிலைக்காததை அவள் பார்த்துவிட்டாள்.

காரில் ஏறியதும் தாளை நீட்டினாள். "இதைப் படி."

கமாயா நான்கு வார்த்தைகளில் ஒன்றைப் படித்தாள்.

"ஸ்கூல்ல எப்படிடீ படிக்கிற?"

"பக்கத்துல இமானி மெல்லமாப் படிப்பா. நான் கேட்டு வச்சுக்குவேன்."

"தெரியலன்னு டீச்சர்கிட்டச் சொல்ல மாட்டியா?"

"நீதானேம்மா தொந்தரவு பண்ணாத, கூப்பிட வச்சுடாதன்னு சொன்ன?"

வெர்னிட்டா தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். காவலாக இருக்கும் என்று நம்பி மகளுக்குச் சொன்ன சொல்லையே மகள் ஒளிந்துகொள்ளும் இடமாக ஆக்கிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஓட்டுநர் சீருடையுடனேயே தலைமையாசிரியரின் அறைக்குள் நுழைந்தாள்.

"கமாயா மாதிரி ஒரு தங்கமான பொண்ணப் பாக்க முடியாது, மிஸ் ஓடம். இருக்கற இடமே தெரியாது," என்றார் அவர்.

"அதுதான் சார் என் கேள்வியும். இருக்கற இடமே தெரியாத பொண்ணுக்கு ஏ போட்டது யாரு?"

"ஒரு வகுப்புல முப்பத்தொரு பிள்ளைங்க. அதுல ஆறு பேரு நாற்காலியத் தூக்கி எறியறாங்க. டீச்சர் யாரத்தான் பாப்பாங்க? முயற்சிக்கும் ஒழுக்கத்துக்கும் சேத்துதான் மதிப்பெண். வீட்டுல நீங்களும் தினமும் இருபது நிமிஷம் படிச்சுக் காட்டணும்."

"நான் படிச்சுக் காட்டினதத்தான் அவ காதால கேட்டே மூணு வருஷம் ஓட்டியிருக்கா. கண்ணால படிக்கக் கத்துக்குடுக்கறது உங்க வேலை."

"இலையுதிர்காலத்துல ஒரு பரிசோதனை வச்சுப் பாக்கலாம்."

இலையுதிர்காலம்! பேருந்து ஐந்து நிமிடம் தாமதமானால் அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். ஒரு குழந்தையை மூன்றாண்டு தாமதப்படுத்தியவர்கள் இன்னும் ஐந்து மாதம் பொறு என்கிறார்கள். யாருக்கும் எந்தக் கடிதமும் போகவில்லை.

அவள் சார்ட்டர் பள்ளி ஒன்றின் விண்ணப்பத்தை வாங்கிவந்தாள். அரசாங்கப் பணத்தில் தனிக்குழு நடத்தும் பள்ளி, கட்டணம் கிடையாது, இடம் குலுக்கலில்தான். செய்தி அன்று மாலையே அவளுடைய பெரியம்மா மகள் லொரெய்னின் காதுக்கு எட்டியது. லொரெய்ன் கமாயா படிக்கும் பள்ளியின் சமையலறையில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்பவள். ஒரு கிண்ணம் கீரையும் சோள ரொட்டியும் எடுத்துக்கொண்டு சண்டைக்கு வந்தாள்.

"நீ படிச்ச பள்ளிக்கூடம்டி அது! ஒவ்வொரு பிள்ளையா உருவிட்டுப் போனா, கூடவே அந்தப் பிள்ளைக்கு வர்ற அரசாங்கப் பணமும் போகுது. மிச்சம் இருக்கறதுங்க என்ன பண்ணும்?"

"அதுக்காக எம் பொண்ணை முட்டுக் குடுத்து அந்தக் கட்டடத்த நிமித்தச் சொல்றியாக்கா?"

"அங்க மட்டும் என்ன சொர்க்கமா? சட்டை வெளிய தொங்கினா வீட்டுக்கு அனுப்பிடுவானாம். நடத்தறவன் எவனும் நம்ம தெருவுல குடியில்ல."

"தெரியும். அவனுங்களையும் நான் நம்பல. ஆனா அங்க மாசா மாசம் ஒவ்வொரு பிள்ளையயும் தனியா உக்கார வச்சுப் படிக்கச் சொல்லிக் கேக்கறாங்க. நம்ம ஸ்கூல்ல எவ கேட்டா?"

லொரெய்ன் கிண்ணத்தை முன்னே நகர்த்தினாள். "ரொட்டி ஆறுது, தின்னு," என்றாள். கமாயாவின் தட்டில் மட்டும் இரண்டு துண்டு வைத்தாள்.

மே மாதத்தில் குலுக்கல் நடந்தது. நாற்பது இடத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். விளையாட்டுக் கூடத்தில் மடக்கு நாற்காலிகளில் பெரும்பாலும் தாய்மார்களே இருந்தார்கள். பாதிப் பேர் சீருடையில் இருந்தார்கள்: மருத்துவமனைச் சீருடை, கிடங்குச் சீருடை, காவற்காரச் சீருடை. முப்பத்தேழாவதாகக் கமாயாவின் பெயர் வந்தது. வெர்னிட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளுடைய மகள் காத்திருப்போர் பட்டியலில் தொண்ணூறாவதாகப் போனாள்.

"உங்களுக்காவது கெடச்சுதே, சிஸ்டர். நல்லா இருக்கட்டும்," என்றாள் அந்தப் பெண். மனதாரத்தான் சொன்னாள்.

வெர்னிட்டாவால் மகிழ முடியவில்லை. வரி கட்டியிருக்கிறாள், பிள்ளையை நேரத்துக்கு அனுப்பியிருக்கிறாள், சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறாள். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குமா ஒரு குழந்தைக்கு அதிர்ஷ்டம் வேண்டும்? கூடத்தை விட்டு வெறுங்கையோடு வெளியேறிய நூற்றெழுபத்திரண்டு குடும்பங்கள் செய்த குற்றம் என்ன?

மறுநாள் விலகல் படிவம் வாங்கப் பழைய பள்ளிக்குப் போனாள். எழுத்தர் மிஸ் டோர்சி படிவத்தை நகர்த்தினார். விலகும் காரணம் என்ற இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கட்டம் இருந்தது.

"'வேறு' அப்படின்னு ஒரு வார்த்தை எழுதினாப் போதும்மா. எல்லாரும் அதத்தான் எழுதுவாங்க," என்றார்.

"எல்லாரும் அதையே எழுதினதாலதான் இங்க யாருக்கும் எதுவும் தெரியல."

வெர்னிட்டா கட்டத்தைத் தாண்டி எழுதினாள். ஓரத்தில் எழுதினாள். தாளைத் திருப்பி, பின்பக்கம் முழுவதும் எழுதினாள்: எந்த ஆண்டில் எந்த ஆசிரியர் ஏ போட்டார், தன் மகளால் எத்தனை வார்த்தை படிக்க முடிந்தது, தலைமையாசிரியர் என்ன சொன்னார் என்று. கடைசியில் முழுப் பெயரைக் கையெழுத்திட்டாள்.

மிஸ் டோர்சி நின்றபடியே படித்தார், தலைமையாசிரியர் அறையின் கதவைத் திரும்பிப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்டுப் பிள்ளையயும் போன வருஷமே இங்கேருந்து எடுத்து அந்தச் சார்ட்டர்லதான் சேத்தேன். இங்க யாருக்கும் தெரியாது."

"நீங்க என்ன காரணம் எழுதினீங்க?"

மிஸ் டோர்சியின் பார்வை படிவத்திலிருந்த அந்தச் சின்னக் கட்டத்துக்குப் போனது. வெர்னிட்டா பேனாவை அவர் பக்கம் நீட்டினாள். அவர் அதனை வாங்கவில்லை. முத்திரைக் கட்டையை எடுத்து, அன்றைய தேதியுடன் முன்பக்கத்தில் ஒருமுறை ஓங்கி அடித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் அடித்தார்.

"இனி இதக் காணோம்னு எவரும் சொல்ல முடியாது," என்றார். பிரதி எடுக்கும் இயந்திரத்தை நோக்கி நடந்தவர் பாதி வழியில் திரும்பினார்.

"உங்களுக்கு எத்தனை பிரதி வேணும்?"

"கல்வி வாரியத்துல எத்தனை பேரு இருக்காங்களோ அத்தனை," என்றாள் வெர்னிட்டா.